பியூலாவைக் கொன்ற காட்டுப்பூனை

செத்துப்போன ஒரு கோவேறு கழுதைக்காக மெனக்கெட்டு இரண்டு பேர் ஊருக்குள் வந்து இறங்கியது, டெபுடி ஷெரிஃப் டுவைட் பென்ரோஸுக்குக் கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

"கேஸ் முடிஞ்சிடுச்சு மேடம். யாருன்னு ஊருக்கே தெரியும். ஒரு கையெழுத்தப் போட்டுட்டு நீங்க கிளம்பலாம்."

தைரா ஹால்வர்சன் கையெழுத்துப் போடவில்லை. கால்நடை வளர்ப்போர் சங்கத்தின் துப்பறிவாளரான அவருக்குக் காணாமல் போன மாடு, திருடுபோன குதிரை, விஷம் வைக்கப்பட்ட ஆடு என்று மொண்டானா மாநிலம் முழுக்க வேலை இருந்தது. சூரியகாந்தி விதையை ஓயாமல் கொறிப்பார். விதை நின்றால் அவர் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

அவருடைய உதவியாளன் ஓரின் பிளெட்சோ. கல்லூரிப் பத்திரிகையில் முதல்வரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியதன் விளைவாகக் கால்நடைத் துறையில் திடீர் ஆர்வம் பிறந்தவன்.

"பாஸ், செத்தவங்க பேரு பியூலா. வயசு பதினாலு. எதிரிங்க கிடையாது. உறவுக்காரங்க அஞ்சு பேரும் அதோ வேலியோரம் நிக்கிறாங்க. வாக்குமூலம் தர மறுக்கிறாங்க."

வேலியோரம் நின்ற ஐந்து கோவேறு கழுதைகளும் தார்ப்பாயால் மூடிக் கிடந்த ஆறாவதையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சிரிக்காத தம்பி. அவ மணிச்சத்தம் கேட்டாத்தான் இதுங்க நடக்கும். நேத்திலேர்ந்து வாசல் தாண்ட மாட்டேங்குதுங்க," என்றாள் லோரெட்டா பைன்.

வேட்டைக்காரர்களின் மூட்டை முடிச்சுகளை மலைக்கு ஏற்றி, அவர்கள் சுட்ட எல்க் மான்களைக் கீழே இறக்கித் தருவது லோரெட்டாவின் தொழில். அறுபது வயதுக்காரி. அழுதிருந்தாள். அழுததற்காகக் கோபமாகவும் இருந்தாள்.

"எங்கேர்ந்து சுட்டிருக்கான்?" என்றார் தைரா.

"அந்த மேட்டுலேர்ந்து. இருட்டுற நேரம். எல்க்னு நெனச்சு சுட்டிருப்பான். கிட்ட வந்து பாத்திருப்பான், கழுத்துல மணி. ஓடிட்டான்." லோரெட்டா சட்டைப்பையைத் தடவினாள். "டுவைட் வர்றதுக்கு முன்னாடியே மேடேறித் தேடிட்டேன். இது கெடைச்சுது. நேத்து டுவைட் ஊருக்குள்ள காட்ட வாங்கிட்டுப் போனான், திரும்ப வாங்கி வச்சுக்கிட்டேன்."

சட்டைப்பையிலிருந்து ஒரு காலித் தோட்டாவை எடுத்து நீட்டினாள். குண்டு போனபிறகு மிஞ்சும் பித்தளைக் கூடு.

தைரா அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். 30-06 என்று பொறித்திருந்தது. ஊர்ப்பேச்சில் முப்பது-ஆறு. எந்தக் கடையிலும் கிடைப்பது. அந்த ஊரில் அது இல்லாத வீடும் ஒன்றிரண்டுதான்.

"அடியப் பாக்காதீங்க மேடம்," என்றான் டுவைட். "தோளப் பாருங்க."

கடைத் தோட்டாவின் தோள் பியர் பாட்டில் மாதிரி சரிந்து இறங்கும். இதன் தோள், அட்டென்ஷனில் நிற்கும் சிப்பாய் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. உடம்பும் சற்றே பருமன்.

"எமிலோட துப்பாக்கிக் கடை இருக்குல்ல, அதோட பின்னறையில உக்காந்திருக்குற பெருசுங்ககிட்ட காட்டினேன். கையில வாங்கக்கூட இல்ல. ஒரே குரல்ல 'கிட்டில்!'னுட்டாங்க."

இங்கே ஒரு விஷயம். உலகத்தில் சில மனிதர்களுக்குக் கம்பெனிக்காரன் செய்து விற்கும் தோட்டா போதாது. துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையைத் தங்கள் இஷ்டத்துக்குக் கடைந்து பெரிதாக்குவார்கள். அந்த அறைக்கேற்ற கூட்டை வீட்டிலேயே தயார் செய்து, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, குண்டு பொருத்தி, புதிதாக ஒரு தோட்டாவைப் பெற்றெடுப்பார்கள். பிறகு அதற்குத் தங்கள் பெயரையே வைப்பார்கள். எந்தக் கடையிலும் விற்காத இந்த ரகத்துக்குக் காட்டுப்பூனை என்று பெயர். பின்னறைப் பெரியவர்கள் ஆளுக்கொரு பூனை வளர்த்தார்கள். அவற்றில் ராஜா, லைல் கிட்டிலின் 'கிட்டில்'. அந்த அறையைக் கடைந்த உளியை ஒரே ஒரு தடவை பயன்படுத்திவிட்டு ஆற்றில் எறிந்துவிட்டார் என்பது ஊர்ப்பேச்சு. ஆகவே உலகத்திலேயே ஒரே ஒரு துப்பாக்கிதான் அந்தக் கூட்டைத் துப்ப முடியும். அது கிட்டிலின் மடியில் இருந்தது.

"அடுத்தவங்க கால்நடையக் கொன்னா ஜெயிலு. வெளிய வந்தாலும் ஆயுசுக்கும் துப்பாக்கியத் தொட முடியாது," என்றான் டுவைட். "பாவம், பெரியவரு."

தைரா விதை கொறிப்பதை நிறுத்தியிருந்தார்.

*

சங்கத்தின் பழைய வண்டியை ஓரின் ஓட்டினான். முன்னால் டுவைட்டின் பிக்கப், பின்னால் லோரெட்டாவின் லாரி. கிட்டிலின் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அவளும் கிளம்பியிருந்தாள்.

"என்ன பாஸ், கல்யாண ஊர்வலம் மாதிரி போறோம். மாப்பிள்ளைக்கு விலங்கு ரெடி."

"கிட்டில் இல்லடா."

"ஊரே சொல்லுது."

"பூனை வளக்குற ஆளுங்கள எப்பவாவது வேட்டையில பாத்திருக்கியா?"

"நான் மனுஷங்களையே கம்மியாத்தான் பாப்பேன்."

"மானு செத்துச்சான்னு பாக்குறதுக்கு முன்னாடி மண்டி போட்டு பித்தளைக் கூட்டத் தேடுவானுங்க. ஒரு கூட்ட வடிவத்துக்குக் கொண்டுவர அவ்வளவு பாடு. அத மேட்டுல விட்டுட்டுப் போனா கிட்டிலுக்கு ராத்திரி தூக்கமே வராது."

"பயந்து ஓடுறப்ப கூடவா?"

"பயந்தாலும் பொறுக்கிட்டுத்தான் ஓடுவான். சரி, இன்னொண்ணு பாரு. அடியில நடுவுல ஒரு பொட்டு இருக்குல்ல? கேப்பு. அதச் சுத்தி என்ன தெரியுது?"

ஓரின் வண்டியை ஒரு கையால் ஓட்டியபடி கூட்டைக் கண்ணருகே கொண்டுபோனான். "செவப்பா ஒரு வளையம். நெயில் பாலிஷ் மாதிரி."

"ஈரம் எறங்காம இருக்க கம்பெனிக்காரன் வைக்கிற அரக்கு. பின்னறைக் கிழவனுங்க எவனும் வைக்க மாட்டான். அப்படின்னா?"

"கடையில வாங்கின தோட்டா. ஆனா கடைத் தோட்டாவுக்கு ஏது இந்தத் தோளு?"

"மாவு என்ன மாவா இருந்தாலும் எந்தக் குழியில ஊத்துறியோ அந்தக் குழி வடிவம்தானே வரும். கிட்டில் அறையில கடைத் தோட்டாவப் போட்டுச் சுட்டா, வெடிக்கிற வேகத்துல பித்தளை ஊதிப் பொடைச்சுக்கும். இப்படித்தான் வெளிய விழும்."

ஓரின் விசில் அடித்தான். "அப்ப சுட்டவனுக்குத் தன் கையில இருக்கறது பூனைன்னே தெரியாது. சாதாரணத் துப்பாக்கின்னு நெனச்சு சாதாரணத் தோட்டா வாங்கிப் போட்டிருக்கான். சாதாரண ஆளு மாதிரி கூட்ட அப்படியே விட்டுட்டான்."

"கிட்டிலோட துப்பாக்கிய யாரோ எடுத்திருக்கணும்."

"பொண்டாட்டியக்கூடத் தொடவிட மாட்டாராமே அத."

"பொண்டாட்டியே கேட்டிருக்க மாட்டா," என்றார் தைரா.

*

எமில் வாச்சாவின் கடை முன்பக்கம் பூட்டு, தூண்டில், காலுறை என்று பலதும் விற்றது. பின்னறையில் நீண்ட மேசை, மருந்து நிறுக்கும் தராசுகள், காப்பிக் கறை, நான்கு பெரியவர்கள். சனிக்கிழமை ஆகையால் எல்லோரும் ஆஜர். மேசையின் தலைமாட்டில் லைல் கிட்டில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை மீசை, இஸ்திரி போட்ட சட்டை. மடியில் உறையிட்ட துப்பாக்கி, தூங்கும் பேரக்குழந்தை மாதிரி.

அறையில் துக்கமும் இருந்தது. வேறு ஏதோவும் இருந்தது. ஓரின்தான் முதலில் அதற்குப் பெயர் கண்டுபிடித்தான். பெருமை.

"தப்புதான், ரொம்பத் தப்பு," என்றார் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமி. "ஆனா அந்த மேட்டுலேர்ந்து நானூறு கஜம் இருக்கும். அரை இருட்டு. ஒரே குண்டு."

"நின்ன எடத்துலயே விழுந்துச்சாம்," என்றார் இன்னொருவர். "கடைத் தோட்டாவுல அது நடக்குமா? லைல் சொல்லிட்டேதான் இருந்தாரு. நாமதான் முழுசா நம்பல."

வாசலில் நின்ற லோரெட்டாவைப் பார்த்ததும் இருவரும் காப்பிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

டுவைட் முன்னால் வந்தான். "கிட்டில் சார், பியூலா விஷயமா..."

"நான்தான்," என்றார் கிட்டில்.

தைரா கிட்டிலைப் பார்க்கவில்லை, டுவைட்டைப் பார்த்தார். பிடித்த ஆள் ஒத்துக்கொண்டால் போலீஸ்காரன் முகத்தில் நிம்மதி தெரியும். டுவைட்டின் முகத்தில் ஆச்சரியம்தான் தெரிந்தது. வாய்கூடத் திறந்துகொண்டது.

"நான்தான் சுட்டேன்," என்றார் கிட்டில் மறுபடியும். "எல்க்னு நெனச்சேன். கூட்டிட்டுப் போ டுவைட்."

"எந்தப் பக்கத்துலேர்ந்து சுட்டீங்க பெரியவரே?" என்றார் தைரா.

"அந்த... ஓடைப்பக்கம்."

"மேட்டுலேர்ந்துன்னு இப்பத்தான் உங்க ஆளே சொன்னாரு."

"மேட்டுலேர்ந்துதான். ஓடை பக்கத்துல இருக்குற மேடு."

"ஓடையே இல்லாத மேடு," என்று ஓரின் காற்றிடம் தெரிவித்தான்.

"சரி. துப்பாக்கியக் குடுங்க," என்றார் தைரா.

கிட்டிலின் இரண்டு கைகளும் உறையின்மேல் இறுகின. "அது முடியாது."

"கொலைய ஒத்துக்கறீங்க. துப்பாக்கியத் தர மாட்டீங்களா?"

"ஜெயிலுக்கு வரேன்னு சொல்லிட்டேன்ல! அப்புறம் அது எதுக்கு உங்களுக்கு?"

"பாஸ், வழக்கமா இது தலைகீழா நடக்கும்," என்றான் ஓரின். "துப்பாக்கியக் குடுத்துட்டு ஆளு ஓடுவான்."

"ஒத்துக்கிட்டாரே மேடம்," என்று டுவைட் அவசரமாகக் குறுக்கிட்டான். "துப்பாக்கி எதுக்கு? பெரியவர அலைக்கழிக்க வேணாம். நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

ஆதாரம் வேண்டாம் என்கிற போலீஸ்காரனைத் தைரா அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தார். கை நீட்டி, கிட்டிலின் மடியிலிருந்து துப்பாக்கியை மெதுவாக எடுத்தார். கிட்டில் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

"மேடம்," என்றார் அடிக்குரலில். "வேணாம். இவங்க எல்லாரும் இருக்காங்க."

அந்தக் குரலில் தைராவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு உறையைக் கழற்றி, தாழ்ப்பாள் மாதிரி இருந்த போல்ட்டைப் பின்னால் இழுத்து, மேட்டில் கிடைத்த கூட்டை அறைக்குள் விட்டு, விரலால் தள்ளினார்.

பாதியில் நின்றது.

இன்னும் அழுத்தினார். நுழையவில்லை. பருத்த கூடு, மெலிந்த அறை. சின்னச் செருப்பில் மாட்டிக்கொண்ட பெரிய கால் மாதிரி பித்தளை வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

கிட்டிலைத் தவிர எல்லாப் பெரியவர்களும் ஒன்றாக எழுந்தார்கள்.

"அது எப்படி? கிட்டில் கூடு கிட்டில் துப்பாக்கியில நுழையலன்னா..."

தைரா அலமாரியிலிருந்து ஒரு கடைத் தோட்டாவை எடுத்து அறைக்குள் விட்டார். வழுக்கிக்கொண்டு போய் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. உடனே வெளியே எடுத்துவிட்டார்.

"தோட்டா அறை குழலோட அடியிலதான் இருக்கும். இந்தக் குழலே புதுசு. சாதாரண முப்பது-ஆறு," என்றார். "பியூலாவ இது சுடல. இதால அந்தக் கூட்டத் துப்பவே முடியாது. நீங்க நிரபராதி, கிட்டில்."

ஜெயிலிலிருந்து தப்பித்த ஒரு மனிதர் இவ்வளவு சிறுத்துப் போய் உட்கார்ந்ததை ஓரின் பார்த்ததில்லை. மீசை மட்டும்தான் பழைய அளவில் இருந்தது.

"லைல்?" என்றார் ஒரு பெரியவர். கெஞ்சுவது போலிருந்தது.

கிட்டில் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வெயில் காலத்துல மருமகன் ஒரு மெஷின் கொண்டாந்தான். குண்டோட வேகத்த அளக்குறது. எனக்கும் கை அரிச்சுது. கிட்டிலச் சுட்டுப் பாத்தேன். அப்புறம் கடைத் தோட்டாவ, அவனோட சாதாரணத் துப்பாக்கியில." நிறுத்தினார். "ஒரே வேகம். நம்பாம மறுபடி சுட்டேன். ஒரு தடவ கடைத் தோட்டாதான் வேகமாப் போச்சு."

எதிரில் ஒருவர் தன் முன்னாலிருந்த தராசை மெல்லத் தள்ளி வைத்தார்.

"இருபது வருஷமா இந்த மேசையில உக்காந்து என்னென்ன பேசியிருக்கேன். எமில்கிட்ட ரகசியமா குடுத்து குழல மாத்தினேன். வெளிக்கட்டை அதேதான், யாருக்கும் தெரியாதுல்ல. நேத்து டுவைட் அந்தக் கூட்டக் காட்டினதும் நீங்கல்லாம் கிட்டில், கிட்டில்னு..." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானூறு கஜம்னீங்க. ஒரே குண்டுன்னீங்க. நான் சுடலன்னு சொன்னா துப்பாக்கியத் தொறந்து காட்டணும். அதுக்கு ஜெயிலே பரவால்லன்னு தோணிச்சு."

தைரா மேசையின் மறுகோடியைப் பார்த்தார். கடைக்காரர் எமில் வாச்சா ஒரு துணியால் சுத்தமான திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எமில், கழட்டின பழைய குழலு எங்க?"

"துண்டு துண்டா அறுத்துப் போடச் சொன்னாரு லைல்."

"அறுத்தீங்களா?"

எமில் துடைத்தார். "நல்ல இரும்பு மேடம். துரு கிடையாது. அறுக்க மனசு வரல. கிட்டில்னு பேரு இருந்த எடத்த மட்டும் அராவி எடுத்துட்டேன். மிச்சம் முப்பது-ஆறுன்னு இருந்துச்சு. கடைத் தோட்டாவும் போகுமே, யாருக்கு நஷ்டம்னு நெனச்சு... கடையில கிடந்த ஒரு துப்பாக்கிக் கட்டையில பூட்டி வித்துட்டேன்."

"யாருக்கு?"

எமில் துணியை மடித்து வைத்தார். தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். வெளியே வெயிலில் டெபுடி ஷெரிஃபின் பிக்கப் நின்றது. பின் கண்ணாடிக்குக் குறுக்கே, தாங்கியில், ஒரு துப்பாக்கி.

"ஓரின்," என்றார் தைரா.

ஓரின் போய் எடுத்துக்கொண்டு வந்தான். நகைச்சுவை எதையும் அவன் கூடவே எடுத்துவரவில்லை. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று தைரா சரிபார்த்தார். பிறகு கூட்டை உள்ளே விட்டார். அது தன் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தது. போல்ட்டு மூடிய சத்தம் சின்னதுதான். டுவைட்டுக்கு முதுகில் யாரோ அடித்த மாதிரி உடம்பு அதிர்ந்தது.

"எல்க்னு நெனச்சேன்," என்றான்.

லோரெட்டா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கிப் போய்ப் பாத்தா மணி... ஓடிட்டேன். கூட்டப் பத்தி ஞாபகமே வரல. நேத்து காலையில வந்தா, லோரெட்டா, நீங்க அதக் கையில வச்சிருந்தீங்க. இந்த ஊருல முப்பது-ஆறு துப்பாக்கி ஆயிரம் இருக்கும், யாருன்னு தெரியாமப் போயிடும்னுதான் இங்க கொண்டாந்து காட்டினேன். இவங்க கிட்டில்னாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல. சத்தியமா புரியல. ஆனா... வேற பேரு வந்துச்சேன்னு..."

"நேத்து காலையில என் வீட்டுல முட்டை தின்ன," என்றாள் லோரெட்டா. "ரெண்டாவது தடவ கேட்டு வாங்கித் தின்ன. அவ வெளியில செத்துக் கெடந்தா."

டுவைட் சட்டையில் குத்தியிருந்த நட்சத்திரத்தைக் கழற்ற முயன்றான். ஊசி சிக்கிக்கொண்டது. சட்டை கிழிகிற வரைக்கும் விடவில்லை. கழற்றியபின் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், மருந்து நிறுக்கும் தராசின் தட்டில் வைத்தான். தட்டு டக்கென்று இறங்கியது.

ஓரினுக்கு அதற்கு ஒரு ஜோக் தோன்றியது. நல்ல ஜோக். சொல்லாமல் விட்டான்.

"வண்டியில போய் உக்காருப்பா," என்றார் தைரா. "ஷெரிஃபுக்கு நானே போன் பண்றேன்."

டுவைட் போனான். பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொப்பியைத் தேடி எடுத்தார்கள். கிட்டிலின் தோளைத் தட்டிவிட்டுப் போகலாமா என்று ஒருவர் யோசித்தார். கை பாதி வரை போய்த் திரும்பிவிட்டது. யாராவது வாய்விட்டுச் சிரித்திருந்தால் கிட்டிலுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை.

லோரெட்டா மட்டும் நகரவில்லை. மேசையின் எதிர்ப்பக்கம் வந்து நின்றாள்.

"லைல், ஒண்ணு கேக்கணும். இந்தம்மா வரலன்னா நீ நெசமாவே ஜெயிலுக்குப் போயிருப்பியா?"

"போயிருப்பேன் லோரெட்டா." இதுவரை சொன்னதில் இது ஒன்றாவது தன் பக்கம் நிற்கும் என்று கிட்டில் நிமிர்ந்து பார்த்தார். "சத்தியமா போயிருப்பேன்."

"போயிருப்ப. அவளச் சுட்டவன் நட்சத்திரத்தக் குத்திக்கிட்டு என் வீட்டு முட்டையத் தின்னுட்டு இருந்திருப்பான். உன்ன நெனச்சு நான் தினமும் காறித் துப்பிட்டு இருந்திருப்பேன். எல்லாம் எதுக்கு? ஒரு தோட்டாவுக்கு உன் பேரு வச்சிருக்கன்றதுக்கு."

கிட்டில் வாயைத் திறந்தார்.

"ஒரு தடவயாவது அவள நெனச்சியா லைல்?"

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். கூடு, தோள், நானூறு கஜம், அந்த மேசை, மேசையைச் சுற்றியிருந்த முகங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. கழுதை வரவில்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டார். லோரெட்டா பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.